அச்சகச் செயலியைக் கிளவுடில் ஏற்றிப் பூட்டிய பதிவு

மதுரையில் தெரிந்த அண்ணன் ஒருவர் அச்சகம் நடத்துகிறார். ஆர்டர் பதிவு, பில், பாக்கிக் கணக்கு எல்லாம் ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பில் எழுதிய ஒரு சின்னச் செயலியில் ஓடுகின்றன. பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இவ்வளவு நாளும் கடையில் உள்ள கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது. கரண்ட் போனால் பில் போட முடியாது, டிடிபி செய்யும் பெண் வீட்டிலிருந்து ஆர்டரைப் பார்க்க முடியாது. கிளவுடுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் அடங்கிய கணக்கு இது. எனவே ஏற்றுவதை விடப் பூட்டுவதற்கே அதிக நேரம் கொடுத்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்தது பெங்களூரு டேட்டா சென்டரில் 2 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வர், உபுண்டு 24.04. நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டுவது டாக்கர்; அவற்றை ஒரே கோப்பால் சேர்த்து எழுப்புவது டாக்கர் கம்போஸ். அதில் மூன்று கன்டெய்னர்கள்: முன்னால் இணையக் கோரிக்கைகளை வாங்கும் கேடி, நடுவில் ஜாங்கோ, பின்னால் போஸ்ட்கிரெஸ். இந்த அளவுக்கு, பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் தேவையே இல்லை. அதைக் கட்டி மேய்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே வைத்துக்கொண்டேன். எந்தப் பூட்டைப் போட்டாலும், அந்தக் கோப்பைத் திரும்பப் படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. வெளியிலிருந்து உள்ளே வர முயன்று, அது தடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. இந்த விதி எத்தனை இடத்தில் கைகொடுத்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

எஸ்எஸ்எச்: எழுதிய வரி ஒன்று, ஓடும் வரி வேறு

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி எஸ்எஸ்எச். அதில் நுழைய லேப்டாப்பில் ஈடி25519 வகைச் சாவியை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொற்றொடரும் வைத்தேன். பொதுச் சாவியைச் சர்வர் உருவாக்கும் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். உள்ளே போனதும் தனிப் பயனர், அவருக்கு சூடோ (தேவையானபோது மட்டும் நிர்வாகி உரிமை), ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் நேரடியாக நுழையத் தடை. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துவதில்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்எச் சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு வேண்டாம் என்று எழுதுவதோடு பல கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. ஆனால் உபுண்டுவில் அந்தக் கோப்பின் மேல்பகுதியிலேயே, துணைக் கோப்புறையில் இருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. எஸ்எஸ்எச் சர்வர் ஓர் அமைப்புக்கு எந்த மதிப்பை முதலில் படிக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும்; பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. சர்வர் முதன்முறை எழும்போது கிளவுட்-இனிட் என்ற நிரல், அந்தத் துணைக் கோப்புறையில் 50 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு கோப்பை வைத்திருந்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி: பாஸ்வேர்டு நுழைவு, ஆம். கீழே முதன்மைக் கோப்பில் எத்தனை முறை 'இல்லை' என்று எழுதினாலும் இந்த 'ஆம்'தான் ஜெயிக்கும்.

அதை அழிக்கவில்லை. அதே கோப்புறையில் 10 என்று தொடங்கும் பெயரில் என் கோப்பை வைத்தேன். அகரவரிசைப்படிதான் படிக்கும், அதனால் என்னுடையது முந்திக்கொள்ளும். பிறகு எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' விருப்பத்தோடு ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு கடைசியில் எந்த அமைப்பு நிற்கிறது என்பதை முழுதாக அச்சிடும். அதில் 'இல்லை' என்று வந்தது. அப்புறம் லேப்டாப்பிலிருந்து, சாவியைப் பயன்படுத்தாதே என்று சொல்லி நுழைந்து பார்த்தேன். பாஸ்வேர்டே கேட்காமல் அனுமதி மறுத்தது. இவ்வளவும் செய்யும்போது பழைய இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். புதிய ஜன்னலில் சரியாக நுழைந்த பிறகுதான் பழையதை மூடலாம்.

எஸ்எஸ்எச் கேட்கும் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்), அதாவது 22-ஐ மாற்றலாமா என்று பலர் கேட்பார்கள். மாற்றினால் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) குப்பை குறையும், அவ்வளவே. மாற்றுவதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: உபுண்டு 22.10 தொடங்கி எஸ்எஸ்எச் போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது, சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. கோப்பில் எண்ணை மாற்றிவிட்டு எஸ்எஸ்எச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் போதாது. சிஸ்டம்டியை மறுவாசிப்புச் செய்யச் சொல்லி, எஸ்எஸ்எச் சாக்கெட்டையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். நான் 22-லேயே விட்டுவிட்டேன்.

அதைவிட முக்கியம் அப்டேட். 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்எச்சில் வெளிப்பட்ட ரெக்ரெஷன் ஓட்டை, நுழைவு அனுமதியே இல்லாத ஆள் ரூட் ஆகும் வாய்ப்பைக் கொடுத்தது. சாவி எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதற்கு உதவியிருக்காது. உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் ஓடுகிறதா என்று அதன் லாகையே திறந்து பார்த்தேன். ஆனால் டாக்கரை அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவினால், அந்தத் தானியங்கி அதைத் தொடாது. அதை நானே ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை மூடியிருக்கும்போது செய்வதாக ஏற்பாடு.

ஃபயர்வாலைத் தாண்டிப் போகும் டாக்கர்

இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். டாக்கர் ஓட்டும் பலருக்கும் இது இன்னும் தெரியவில்லை.

உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் உள்வரும் எல்லாவற்றையும் மறுத்து, 22, 80, 443 மட்டும் திறந்தேன். நிலையைக் கேட்டால் அந்த மூன்றை மட்டும் காட்டுகிறது. உண்மையான கணக்கை ஏற்றுவதற்கு முன், வெறும் சோதனை அட்டவணையோடு போஸ்ட்கிரெஸ் கன்டெய்னரை எழுப்பினேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் இருப்பதுபோலவே கம்போஸ் கோப்பில் 5432:5432 என்று போர்ட்டைத் திறந்துவிட்டேன். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கொண்டு சர்வரைத் துழாவினேன். 5432 திறந்திருக்கிறது. அங்கே சர்வருக்குள் யூஎஃப்டபிள்யூ இன்னமும் மூன்று போர்ட்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றிருக்கும்.

யூஎஃப்டபிள்யூவில் கோளாறு எதுவும் இல்லை. கன்டெய்னரின் போர்ட்டைத் திறக்கச் சொன்னால், டாக்கர் தானே, லினக்ஸின் ஃபயர்வால் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் விதி எழுதுகிறது. வரும் பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) சேரிட முகவரியை, நுழைந்தவுடனேயே, கன்டெய்னரின் உள் முகவரியாக மாற்றிவிடும் விதி அது. முகவரி மாறியதும் லினக்ஸ் கர்னல் அதை 'இந்தச் சர்வருக்கு வந்தது' என்று எண்ணாது, 'இதன் வழியாக வேறிடம் போவது' என்றுதான் எண்ணும். நாம் யூஎஃப்டபிள்யூவில் எழுதும் சாதாரணத் தடைகளோ, சர்வருக்கே வருவதைப் பார்க்கும் விதி வரிசையான இன்புட் சங்கிலியில் உட்கார்ந்திருக்கின்றன. பாக்கெட் ஃபார்வர்டு சங்கிலி வழியாகப் போய்விடுகிறது. அபார்ட்மென்ட் காவலாளி 'யார் வீட்டுக்கு' என்று கேட்பதற்குள், பக்கத்துத் தெரு முகவரியை ஒட்டிப் பின்வாசல் வழியே அனுப்பிவிட்ட பார்சல் மாதிரி. காவலாளி அவர் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்.

திறந்து கிடக்கும் டேட்டாபேஸுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி சாட்சி. பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்திருந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களைத் துடைத்துவிட்டு, பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் மாங்கோடிபி, எப்படி நிறுவினாலும், இயல்பாகவே உள்முகவரியில் மட்டும் கேட்கத் தொடங்கியது. 2018 தொடக்கத்தில் டெஸ்லாவின் குபர்நெட்டிஸ் நிர்வாகப் பக்கம் பாஸ்வேர்டு இல்லாமல் வெளியே தெரிந்ததை ரெட்லாக் நிறுவனத்தினர் கண்டுபிடித்தார்கள். உள்ளே யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். டாக்கரை வெளியிலிருந்து இயக்கவிடும் 2375 போர்ட்டைத் தேடித் திரியும் நிரல்கள் இன்றும் இருக்கின்றன. சின்ன அச்சகம்தானே, யார் வரப் போகிறார்கள் என்ற கணக்கு இங்கே செல்லாது. தேடுவது மனிதரல்ல, எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டும் நிரல்.

நான் செய்தது மூன்று. முதலாவது, போஸ்ட்கிரெஸுக்குப் போர்ட் திறக்கும் வரியையே எடுத்துவிட்டேன். ஒரே கம்போஸ் வலையில் இருக்கும் ஜாங்கோ, சேவைப் பெயரைச் சொல்லியே அதை அடையும். வெளியே திறக்க அவசியமே இல்லை. கேடிக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நேரடித் தொடர்பு வேண்டாம் என்பதால் இரண்டு வலைகளாகப் பிரித்து, ஜாங்கோவை மட்டும் இரண்டிலும் வைத்தேன். சர்வரில் இருந்தே டேட்டாபேஸைத் தொட வேண்டியிருந்தால் 127.0.0.1 என்று முன்னால் சேர்த்துத் திறக்கலாம். ஆனால் டாக்கர் 28-க்கு முந்திய பதிப்புகளில், அதே வலைத்துண்டில் இருக்கும் பக்கத்துச் சர்வர் அப்படித் திறந்ததையும் தொட வழியிருந்தது. பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கிளவுட் நிறுவனமே தரும் ஃபயர்வால். அது சர்வருக்கு வெளியே நிற்கிறது, அங்கே டாக்கரால் விதி எழுத முடியாது. அதே மூன்று போர்ட்டுகள் மட்டும். புதிய முகவரி முறையான ஐபிவி6-க்கான விதிகளைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. என்மேப் சோதனையையும் ஐபிவி6 முகவரிக்குத் தனியாக ஓட்டினேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, டாக்கர்-யூசர் என்ற சங்கிலி. நம் விதிகளுக்கென்றே டாக்கர் ஒதுக்கி வைத்திருக்கும் இடம் இது. இங்கே போர்ட் எண்ணை வைத்துத் தடை எழுதினால் ஒன்று கவனிக்க வேண்டும்: பாக்கெட் இங்கே வரும்போது முகவரி ஏற்கெனவே மாறியிருக்கும், அதனால் தெரிவது கன்டெய்னரின் உள் போர்ட். நான் இதை உள்ளே வருவதைத் தடுக்கப் பயன்படுத்தவில்லை, வெளியே போவதைத் தடுக்கத்தான். பெரும்பாலான கிளவுட் சர்வர்களில் 169.254.169.254 என்ற முகவரியில் சர்வரைப் பற்றிய தகவல் கிடைக்கும். சில இடங்களில் தற்காலிகச் சாவிகளும் அதில் கிடைக்கும். 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் தகவல் போனது இந்த வழியாகக் கிடைத்த சாவியால்தான். அந்த ஆண்டு நவம்பரில் அமேசான் இந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அச்சகச் செயலிக்கு அந்த முகவரியோடு பேச ஒரு வேலையும் கிடையாது. கன்டெய்னர்களிலிருந்து அங்கே போகும் எதையும் கைவிடும்படி ஒரு விதி எழுதி, ஜாங்கோ கன்டெய்னருக்குள்ளிருந்தே கேட்டுப் பார்த்தேன். பதில் வராமல் தொங்கி நின்றது. சர்வரை ரீபூட் செய்து திரும்பக் கேட்டால் பதில் வருகிறது! கையால் எழுதிய ஐபிடேபிள்ஸ் விதி ரீபூட்டில் தங்காது. டாக்கர் எழுந்த பிறகு அந்த விதியைப் போடும் சிறிய சிஸ்டம்டி சேவை ஒன்று எழுதி, மறுபடி ரீபூட் செய்து, மறுபடி கேட்டு, தொங்குவதைப் பார்த்த பின்தான் மேலே போனேன்.

கன்டெய்னருக்குள்

கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடினால் என்ன, அதுதான் தனிச்சுவருக்குள் இருக்கிறதே என்று கேட்கலாம். கர்னல் ஒன்றுதான், சுவர் மட்டும்தான் வேறு. 2019 பிப்ரவரியில், கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி நிரலில் வெளிப்பட்ட ஓட்டையில், கன்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கும் நிரல் வெளிச் சர்வரின் ரன்சி நிரலையே மாற்றி எழுதிவிட முடிந்தது. அதனால் ஜாங்கோ தனிப் பயனராக ஓடுகிறது. டாக்கர் இயல்பாகக் கொடுக்கும் 14 உரிமைகளையும் பிடுங்கிவிட்டேன், புதிய உரிமை பெறுவதற்கும் தடை போட்டேன். நினைவகத்துக்கும் புராசஸ் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தாயிற்று. டாக்கருக்குக் கட்டளையிடும் வாசலான டாக்கர் சாக்கெட்டை எந்தக் கன்டெய்னருக்குள்ளும் கொடுக்கவில்லை. அதைக் கொடுப்பது சர்வரின் ரூட்டையே கொடுப்பதுதான். என் பயனரையும் டாக்கர் குழுவில் சேர்க்கவில்லை, காரணம் அதேதான். ஒவ்வொரு முறையும் சூடோ அடிப்பதில் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

கோப்பு அமைப்பை வாசிக்க மட்டும் என்று ஆக்குவதுதான் கொஞ்சம் பாடுபடுத்தியது. ஆக்கியதும் பில் பிடிஎஃப் வருவது நின்றுவிட்டது. ஒரு செயலி எங்கெல்லாம் எழுதுகிறது என்று ஊகிக்க வேண்டாம், டாக்கர் டிஃப் என்ற கட்டளை சொல்லிவிடும். தடையை எடுத்துவிட்டுச் செயலியை எல்லா வேலையும் செய்யவைத்தேன்: ஆர்டர் போட்டு, படம் ஏற்றி, பில் எடுத்து. பிறகு அந்தக் கட்டளையை ஓட்டினால், மூல இமேஜிலிருந்து (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) எந்தெந்தக் கோப்பு கூடியது, மாறியது, அழிந்தது என்று பட்டியல் வருகிறது. இரண்டே இடங்கள்: தற்காலிகக் கோப்புறை, பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் ஃபான்ட்கான்ஃபிக் வைக்கும் எழுத்துரு கேஷ். இரண்டையும் நினைவகத்தில் வாழும் டெம்ப்எஃப்எஸ் ஆக்கினேன், மற்றதெல்லாம் பூட்டிவிட்டது.

எழுத்துரு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மெலிந்த டெபியன் இமேஜில் தமிழ் எழுத்துருவே கிடையாது. பில்லில் வாடிக்கையாளர் பெயர் வெறும் கட்டங்களாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை இமேஜ் கட்டும்போதே சேர்த்துவிட்டேன். பிடிஎஃப்பை உருவாக்குவது வீசிபிரின்ட். அது எழுத்துகளை அடுக்கும் பாங்கோ நூலகத்தை நம்புவதால் 'கொ', 'கௌ' எல்லாம் கொம்பும் காலும் சிதறாமல் அழகாக வருகின்றன. அண்ணன் அச்சுத்தொழில்காரர், முதல் பில்லைக் கண்ணருகே வைத்து எழுத்தைத்தான் பார்த்தார்.

போஸ்ட்கிரெஸில் உரிமைகளை முழுக்கப் பிடுங்கினால் எழாது. அதன் தொடக்க நிரல் ரூட்டாகத் தொடங்கி, தரவுக் கோப்புறையின் உரிமையாளரைச் சரிசெய்து, பிறகு போஸ்ட்கிரெஸ் பயனராக மாறுகிறது. அதற்கு வேண்டிய சிலவற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

பாஸ்வேர்டைச் சூழல் மாறியில் வைத்தால் டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டாலே வெளியே தெரியும். அதனால் சீக்ரெட் கோப்பாகக் கொடுத்து, அதன் பாதையை மட்டும் சொன்னேன். இங்கும் அதே கதைதான்: அந்தப் பாஸ்வேர்டை போஸ்ட்கிரெஸ் இமேஜ் படிப்பது தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே. பின்னால் கோப்பில் மாற்றிவிட்டுக் கன்டெய்னரை எத்தனை முறை எழுப்பினாலும் பழையதுதான் செல்லும். உள்ளே போய் எஸ்கியூஎல் கட்டளையால் மாற்ற வேண்டும். சோதிப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே கன்டெய்னருக்குள் இருந்து இணைந்தால் பாஸ்வேர்டே கேட்காது, உள்ளிருப்பவரை நம்பும்படிதான் அந்த இமேஜ் அமைந்திருக்கிறது. வேறொரு கன்டெய்னரிலிருந்து, வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கொடுத்தேன், மறுத்தது.

லாகும் அப்படியே. டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு உச்சவரம்பு இல்லை, டிஸ்க் நிரம்பும் வரை வளரும். டாக்கர் டீமனின் (பின்னணியில் ஓடும் முதன்மை நிரல்) அமைப்பில் கோப்புக்கு 10 எம்பி, மொத்தம் மூன்று கோப்புகள் என்று எழுதி டாக்கரை மறுதொடக்கம் செய்தேன். ஏற்கெனவே இருக்கும் கன்டெய்னர்களுக்கு அது பொருந்தாது. அவற்றை அழித்துப் புதிதாக உருவாக்கி, இன்ஸ்பெக்டில் வரம்பு தெரிகிறதா என்று பார்த்தேன்.

கேடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டொமைன் பெயரைச் சொன்னால் பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்கிறது. அதன் டேட்டா கோப்புறைக்கு நிரந்தர வால்யூம் (கன்டெய்னரை அழித்தாலும் தங்கும் சேமிப்பிடம்) கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கன்டெய்னரைப் புதிதாக்கும்போதும் புதுச் சான்றிதழ் கேட்கும். ஒரே பெயருக்கு 7 நாளில் 5 தான் தருவார்கள், அதன்பின் தளம் அந்தரத்தில் நிற்கும்.

பேக்கப், திருப்பி எடுத்துப் பார்த்த பின்

தினமும் இரவு பிஜிடம்ப் கருவியால் டேட்டாபேஸின் நகலை (டம்ப்) எடுத்து, கடவுச்சொல்லால் பூட்டிப் பேக்கப் செய்யும் ரெஸ்டிக் வழியாக வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகிறது. சர்வர் ஓர் இடத்தில், பேக்கப்பும் அதே கணக்கில் என்றால், கணக்கு கை மாறும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். கன்டெய்னருக்குள்ளிருந்து டம்பைக் குழாய் வழியே வெளியே இழுக்கும்போது டெர்மினல் ஒதுக்கும் விருப்பத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வரிமுடிவுக் குறிகள் மாறி, பைனரி டம்ப் கெட்டுவிடும். அளவைப் பார்த்தால் நல்ல கோப்பு போலவே இருக்கும். டாக்கர் கம்போஸில் இயல்பாகவே டெர்மினல் ஒதுக்கப்படும், பெரிய எழுத்து 'டி' விருப்பம் கொடுத்து நிறுத்த வேண்டும்.

லேப்டாப்பில் காலி போஸ்ட்கிரெஸ் ஒன்றை எழுப்பி, பேக்கப்பை இறக்கி, அதில் ஏற்றி, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். பாக்கி மொத்தம் சர்வரில் உள்ளதோடு ஒத்துப்போனது. பிறகு ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இத பணப்பெட்டியில வைங்கண்ணே. இது இல்லேன்னா பேக்கப்ப யாராலயும் திறக்க முடியாது, நானே வந்தாலும்."

"ஏன் தம்பி, சர்வர்லயே இருக்கும்ல?"

"சர்வர் போயிட்டா அதுவும் போயிடும்ண்ணே. அன்னைக்குத்தான பேக்கப்பே தேவை."

தாளை மடித்து, ஜிஎஸ்டி சான்றிதழ் இருந்த உறைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னும் செய்யாமல் வைத்திருப்பது ரூட்லெஸ் டாக்கர். 2020 டிசம்பரில் 20.10 பதிப்போடு அது சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. டாக்கர் டீமனே சாதாரணப் பயனராக ஓடுவதால், மேலே சொன்ன கவலைகளில் பாதி குறையும். ஆனால் அதன் இயல்பான வலை அமைப்பில் வாடிக்கையாளரின் உண்மையான ஐபி முகவரி கேடிக்குத் தெரிவதில்லை, எல்லாமே உள்முகவரியிலிருந்து வந்ததுபோல் லாகில் விழும். தவறான பாஸ்வேர்டு அடித்துக்கொண்டே இருக்கும் முகவரியைத் தடுக்கும் ஏற்பாடு அந்த லாகை நம்பித்தான் ஓடுகிறது. அதற்கு வழி இருக்கிறது, வேறு போர்ட் இயக்கியைப் போட்டால் முகவரி தெரியும், வேகம் கொஞ்சம் குறையும். இதேபோல இன்னொரு சின்ன சர்வர் எடுத்து, பேக்கப்பை அதில் ஏற்றி, அங்கே ரூட்லெஸ்ஸை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாக வந்தால் அச்சகத்தை அதற்கே மாற்றிவிடுவேன்.